காட்டோடு வாழ்பவரிடம் மட்டும் கடதாசி இல்லை

மட்டக்களப்பு நகரத்துக்கு விறகு சைக்கிளில் வருகிறது. வவுணதீவுப் பக்கத்தார் வலையிறவுப் பாலத்தாலும், பட்டிப்பளைப் பக்கத்தார் மண்முனைப் பாலத்தாலும் வருவார்கள். பின்கரியருக்குக் குறுக்கே ஒரு தடி, அதன் மேல் நெஞ்சுயரத்துக்கு அடுக்கிக் கயிற்றால் இறுக்கிய காய்ந்த கொம்புகள். ஏறி மிதிக்க இடமிராது. தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றபோது நகரத்து அடுப்புகள் பலவற்றை எரியவைத்தது இந்த விறகுதான். வழியில் யாராவது மறித்து ‘பெர்மிட் இருக்கா?’ என்று கேட்டால், காட்டுவதற்கு இவர்களிடம் ஒன்றும் இராது.

இரவில் லொறிகளும் ஓடுகின்றன. முதிரை, பாலை, தேக்கு என்று அறுத்த பலகையாகவோ குற்றியாகவோ மரம் போகிறது. லொறிக்காரரிடம் பெரும்பாலும் ஏதோ ஒரு கடதாசி இருக்கும். அது சரியான அனுமதிப்பத்திரமாக இருக்கலாம். வளவுக்குள் நின்ற மரத்துக்கு எடுத்த பத்திரத்தில் காட்டு மரம் ஏறி வருவதும் உண்டு. பத்திரமே இல்லாமல் பிடிபட்டாலும் நீதிமன்றத்தில் முன்னால் நிற்பவர் சாரதியும் கூலிக்கு மரம் தறித்தவரும்தான். மரத்துக்குக் காசு போட்டவரின் பெயர் பத்திரிகைச் செய்தியில் வந்ததை வாசகர்கள் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்?

இந்தச் சைக்கிளுக்கும் லொறிக்கும் இடையில்தான் மட்டக்களப்பின் காட்டுக் கதை கிடக்கிறது. காடழிப்பு என்றதும் ஏக்கர் கணக்கும் மரக் கணக்கும் பேசுகிறோம். அந்தக் காட்டை நம்பி அடுப்பெரித்தவர், மாடு மேய்த்தவர், தேனெடுத்தவர், சேனை செய்தவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏனென்றால் காட்டின் மேல் உரிமை என்பது இந்த நாட்டில் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடதாசியின் உரிமையாகவே இருந்துவருகிறது. அந்தக் கடதாசி காட்டுக்கு வெளியே இருப்பவர் கையிலேயே இருந்திருக்கிறது.

வாவியின் கிழக்கை எழுவான்கரை என்றும் மேற்கைப் படுவான்கரை என்றும் சொல்வது இவ்வூர் வழக்கு. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி இரண்டு கரைகளைப் பிரித்ததைவிடச் சேர்த்ததே அதிகம். எழுவான்கரையில் கடல், கடை, பள்ளிக்கூடம், கந்தோர். படுவான்கரையில் வயல், குளம், மாட்டுப் பட்டி, அதற்கும் மேற்கே காடு. தயிரும் தேனும் விறகும் மரமும் மேற்கிலிருந்து வரும். உப்பும் கருவாடும் துணியும் கிழக்கிலிருந்து போகும். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் பரம்பரையாகச் செய்துவந்த தச்சுத் தொழிலும் இந்தக் காடுகளை அண்டித்தான் வளர்ந்தது. கிழக்குக் காட்டின் சாவண்டலை மரத்துக்கு உலகச் சந்தையில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் வரைக்கும் அது போனது. ஆகவே இந்தக் காடு யாரும் கைவைக்காத கன்னிக் காடு என்று கதை கட்டத் தேவையில்லை. மரம் எப்போதும் தறிக்கப்பட்டது. யார், எவ்வளவு, யாரைக் கேட்டுத் தறித்தார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதலில் எழுத்தில் பதில் சொன்னது வெள்ளைக்காரன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்கே சொந்தம் என்றது. நிரூபிப்பதற்குச் சன்னசு என்ற அரச கொடைப் பத்திரம் வேண்டும், வரி கட்டிய சான்று வேண்டும். ஓராண்டு விதைத்து, பிறகு சில ஆண்டுகள் காடு மூட விடுகின்ற சேனைக்காரரிடம் அவை எங்கிருந்து வரும்? 1907இல் வந்த வனக் கட்டளைச் சட்டம் அந்த நிலத்தை ஒதுக்குக்காடாக்கி எல்லை போட்டது. பாட்டன் போன பாதையில் பேரன் போனால் அத்துமீறல் என்றாயிற்று. திருத்தங்களோடு அந்த 1907ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சுதந்திரம் வந்தது, கடதாசி கைமாறியது, காட்டோடு வாழ்பவரை அது வந்து சேரவில்லை. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது இங்கினியாகலையும் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அணை கட்டி, காட்டை வெட்டி, சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் தேக்கி, நாட்டின் பிற பகுதிகளிலிருந்து விவசாயக் குடும்பங்கள் கொண்டுவந்து இருத்தப்பட்டன. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த வேடர் குடும்பங்கள் நீரேறிய நிலத்தை விட்டு நகர்ந்தன. 1977இல் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் அதே கதையை வடக்கே மாதுறு ஓயாவில் எழுதியது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும், வேடர்கள் எனானிகலைக் குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டார்கள். வேடர் தலைவர் திசாகாமி ஒரு சில குடும்பங்களோடு தம்பானையிலேயே இருந்துவிட்டார். பூங்கா விலங்குகளுக்காக. அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியவர் அதற்குள் நுழைந்தால் வேட்டைக் குற்றவாளி.

குடிசன மதிப்பீட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். 1911இல் இலங்கையில் 5,332 பேர் வேடர் என்று பதிவாகியிருந்தார்கள். 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் 400. அதன் பின் வந்த கணக்கெடுப்புகள் பலவற்றில் ‘ஏனையோர்’ என்ற பெட்டிக்குள் போய்விட்டார்கள். இத்தனை பேரும் செத்துப்போகவில்லை. சிங்களவராகவும் தமிழராகவும் எழுதப்பட்டார்கள். காடு போனால் காட்டைச் சொல்லி ஒரு சமூகம் தன்னை அடையாளப்படுத்த முடியாது. இழப்பீட்டுப் பட்டியல் எதிலும் இந்த இழப்புக்கு ஒரு நிரல் கிடையாது.

மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே இவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பேச்சு தமிழ், பிள்ளைகளின் பெயர் தமிழ், கோயில் நம் கோயில். ஆனாலும் சடங்கு வரும்போது வேட்டையும் தேனெடுப்பும் ஆட்டமாக வந்துவிடுகின்றன. கையில் வில், வாயில் முன்னோரின் சொல். மறுநாள் காலையில் அதே மனிதர் கரைவலை இழுக்கவோ கூலிக்குக் கல்லுடைக்கவோ போகிறார். நிஜத்தில் தேன் எடுக்கப் போனால் வன இலாகாவுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். காடு இவர்களுக்குச் சடங்கில் மட்டும் திறந்திருக்கிறது.

யுத்த காலத்தில் கடதாசியின் இடத்தைத் துவக்கு எடுத்துக்கொண்டது. பதுங்கித் தாக்குவார்கள் என்று வீதியின் இரு மருங்கிலும் காடு வெட்டி வெளியாக்கப்பட்டது. வாவிக் கரையில் கண்டல் காடுகள் பாதுகாப்பின் பெயரால் தறிக்கப்பட்டன. காவலரண்களுக்குப் பனை மரமும் காட்டு மரமும் குற்றி குற்றியாகப் போயின. குடும்பிமலைக் காடு ஒரு தரப்புக்கு அரண், மறு தரப்புக்கு இலக்கு. அதைச் சுற்றி வாழ்ந்தவருக்குப் போகக்கூடாத இடம். விறகுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் படுவான்கரையில் உண்டு. யுத்தம் காட்டைக் காப்பாற்றியது என்று சிலர் சொல்வார்கள். சில இடங்களில் மரம் தப்பியது உண்மை. மனிதர் காட்டுக்குள் போகப் பயந்ததால் தப்பிய மரம் அது. அந்தப் பயத்தை ஒரு வனக் கொள்கையாகக் கொண்டாட முடியாது.

2009க்குப் பிறகு வீதிகள் வந்தன, பாலங்கள் வந்தன, மீள்குடியேற்றம் வந்தது. வடக்கு கிழக்கில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு கூரைக்கும் மரம் வேண்டும், கதவு நிலைக்கு மரம் வேண்டும். இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை அரசு 1990லேயே நிறுத்திவிட்டது. அப்படியானால் இவ்வளவு மரம் எங்கிருந்து வந்தது? தோட்ட மரமும் இறக்குமதி மரமும் ஒரு பகுதி. மீதி எங்கிருந்து வந்தது என்பது இரவில் வீதியோரம் படுத்தவர்களுக்குத் தெரியும். வீடு கட்டிய ஏழையை இதில் குறை சொல்ல நியாயமில்லை. நியாய விலையில் மரம் கிடைக்கும் வழியைச் செய்யாமல் வீட்டுத் திட்டத்தை மட்டும் அறிவித்தவர்கள்தான் மரக் கடத்தலுக்குச் சந்தையைக் கட்டிக்கொடுத்தார்கள்.

மரம் வெட்டத் தடை இருக்கும் நாட்டில் காடு அழிவதற்கு இன்னொரு வாசல் உண்டு. அதன் பெயர் அபிவிருத்தி. மரத்துக்காகக் காடு வெட்டினால் குற்றம். பயிர்ச் செய்கைக்கு என்று நிலம் ஒதுக்கிவிட்டால் அதே காடு ‘துப்புரவாக்கப்படும்’. முதலில் பெறுமதியான மரம் ஏறிப் போகும், பிறகு புல்டோசர் வரும், கடைசியில் சோளம் வரும். 2020இல் பொல்லேபெத்த வேடர்களின் பாரம்பரிய நிலம், றம்புக்கன் ஓயாவை அண்டி, இப்படித்தான் வெளியாக்கப்பட்டது. வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவும் சுற்றாடல் நீதிக்கான மையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். காட்டின் மூத்த குடி காட்டுக்காக வழக்காட வேண்டியிருந்தது. எதிர்த் தரப்பில் நின்றவை அரச நிறுவனங்கள்.

அதே 2020 நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஒதுக்குக்காடாக அறிவிக்கப்படாத எஞ்சிய காடுகளை வன இலாகாவின் பொறுப்பில் வைத்திருந்த 5/2001 சுற்றுநிருபம் இரத்தாகி, அந்த நிலங்கள் பற்றிய முடிவு மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் போனது. சேனைக்காரருக்கு நிலம் கிடைக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வன இலாகாவிடம் இருந்தாலும் செயலகத்திடம் இருந்தாலும் முடிவெடுக்கும் மேசையில் ஊராருக்கு நாற்காலி இல்லை. மேசை இடம் மாறியது, அவ்வளவுதான்.

அந்த மேசையின் விலை என்ன என்பதை மயிலத்தமடுவிலும் மாதவனையிலும் பார்க்கலாம். பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயற்கரையில் மாடு நிற்க முடியாது. பட்டிகளை மேற்கே காட்டோரப் புற்றரைக்குச் சாய்த்துக்கொண்டு போவது படுவான்கரையின் ஆண்டுச் சுழற்சி. வயலும் பட்டியும் ஒன்றையொன்று மிதிக்காமல் வாழக் கண்ட ஒழுங்கு அது. அந்த மேய்ச்சல் தரை மகாவலியின் பி வலயத்துக்குள் கிடக்கிறது. பட்டிக்காரருக்கு அனுபவம் உண்டு, உறுதி கிடையாது. வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே காட்டை வெட்டிச் சோளம் போட்டபோது மாடுகள் வெட்டுக் காயத்தோடும் சூட்டுக் காயத்தோடும் திரும்பின. சில திரும்பவே இல்லை. 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் தொடங்கிய பண்ணையாளர் போராட்டம் ஓராண்டைக் கடந்தும் நீண்டது. கொழும்பு இதைத் தமிழ்–சிங்களப் பிரச்சினையாகப் பார்த்தது. அந்த முகம் இதற்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பொல்லேபெத்தவில் நிலம் இழந்தவர் சிங்களம் பேசும் வேடர். மயிலத்தமடுவில் நிலம் இழந்தவர் தமிழ் பேசும் பட்டிக்காரர். மொழி வேறு, இருவரிடமும் இல்லாத கடதாசி ஒன்றுதான்.

காடு ஒதுங்கியதன் பின்விளைவு இரவில் வரும். யானை. வழித்தடத்தில் சோளமும் கரும்பும் வீடும் வந்துவிட்டால் அது ஊருக்குள்தான் இறங்கும். 2019இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மாண்டார்கள். வெல்லாவெளி, கிரான், வாகரை ஊர்களில் இதை எண்ணிக்கையில் சொல்வதில்லை. எந்த வீட்டில் என்று சொல்வார்கள். பரணில் இரவெல்லாம் விழித்து, யானை வெடி கொளுத்தி, விடிய வயலில் இறங்கும் மனிதர் எத்தனை நாள் உழைப்பார்? மாலையில் மேலதிக வகுப்புக்குப் போன பிள்ளை இருட்ட முன் வீடு வர வேண்டும் என்பதற்காக வகுப்பையே விடுகிறது. தனித்து வாழும் பெண் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மத்திய கிழக்குக்குப் போக ஏஜென்சியைத் தேடுகிறார். காடு வெட்டிய இடத்துக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பெண்களின் கணக்கைத் தனியே போட வேண்டும். விறகு, காட்டுக் கீரை, பாலைப் பழம், வீரைப் பழம், பாய்க்குப் பன், மருந்துக்குப் பட்டையும் வேரும் என்று வீட்டின் பணமில்லா வரவு முழுவதும் பெண்ணின் கையால் காட்டோரத்திலிருந்து வந்தது. காடு தள்ளிப் போகப் போக நடை கூடுகிறது. நடக்க முடியாத நாளில் கடைக்குப் போக வேண்டும். கடைக்குக் காசு வேண்டும். காசுக்கு நுண்கடன்காரர் வாசலில் நிற்கிறார். மரம் விழுந்ததால் யாரும் ஒரே நாளில் ஏழையாகவில்லை. முன்பு சும்மா கிடைத்த ஒவ்வொன்றுக்கும் விலை வந்தது; அப்படித்தான் ஏழையானார்கள்.

இது படுவான்கரையின் பாடு என்று எழுவான்கரை நினைத்தால் தவறு. மேற்கே காடு வெட்டிய மண் மாரி வெள்ளத்தோடு வாவிக்குத்தான் வருகிறது. கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும். அந்தக் கண்டல் யுத்தத்தில் ஒரு பங்கு, இறால் பண்ணையில் ஒரு பங்கு, வளவாக்கியதில் ஒரு பங்கு என்று போனது. வீச்சு வலைக்காரர் அன்றாடம் கொண்டுவரும் கூடையில் அதன் கணக்கு இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. மரமில்லாக் கரை எப்படிப்பட்டது என்று புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

எதிர்க் கேள்வி ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஊராரும்தானே மரம் தறிக்கிறார்கள்? உண்மை. செயின் சோ பிடிக்கும் பொடியன் அதே ஊர்க்காரன். குற்றியை உழவு இயந்திரத்தில் இழுத்து வருபவரும் ஊர்க்காரர். ஒரு முதிரைக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் கூலியும் அதற்கு மேல் ஒரு போத்தலும். ஊரின் காட்டை ஊராரே கூலிக்கு வெட்டிக்கொடுப்பது எப்போது நடக்கிறது? அந்தக் காடு தம்முடையது அல்ல என்று ஊருக்கு உறுதியாகத் தெரிந்த பிறகு. நாளை வேறொருவன் வெட்டப்போகும் மரத்தை இன்று நான் ஏன் விட வேண்டும் என்பது பேராசைக்காரனின் கேள்வி மட்டுமல்ல. உரிமையில்லாதவனின் கேள்வியும் அதுதான்.

தண்டனையைக் கூட்டினால் தீரும் என்பவர்கள் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சந்தனத்தைக் காக்கப் போன அரசு மனிதரை என்ன செய்தது என்பதற்கு அந்த ஊர் சாட்சி. ஊரை எதிரியாக வைத்துக் காட்டைக் காக்க முடியாது.

மாற்று வழி கற்பனையல்ல. நேபாளம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் காட்டை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் தத்தம் காட்டைப் பார்த்துக்கொள்கின்றன, மொட்டையாக இருந்த மலைகள் பல மீண்டும் பச்சையாகின. இந்தியா 2006இல் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குறைபாடுகள் பல இருந்தும், ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் 2013இல் ஒரு பெரும் சுரங்கத்தை வேண்டாம் என்று சொல்ல அது வழி செய்தது. இலங்கையும் 2012 முதல் சில ஆண்டுகள் அவுஸ்திரேலிய உதவியோடு சமூக வனவியல் திட்டம் நடத்திப் பார்த்த நாடுதான். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்துக்கு நாம் கை உயர்த்தி வாக்களித்தோம். சட்டக் கடப்பாடுள்ள ஐ.எல்.ஓ. 169ஆம் உடன்படிக்கையில் மட்டும் ஒப்பமிடவில்லை.

மட்டக்களப்பில் தொடங்குவதற்கு நான்கு காரியங்கள் போதும். மரம் வெட்டவும் ஏற்றவும் கொடுக்கப்படும் ஒவ்வோர் அனுமதியும், எந்த இடத்து எத்தனை மரம் என்ற விபரத்தோடு, அந்தக் கிராம உத்தியோகத்தர் அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். லொறி புறப்படும் முன் ஊர் அதைப் பார்த்துவிடும். ஒதுக்குக்காட்டுக்கு எல்லைக்கல் நடுமுன் அதிகாரி ஊர்ப் பெரியவரோடும் பட்டிக்காரரோடும் அந்த எல்லையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளை வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். காய்ந்த விறகு, தேன், பழம், மூலிகை எடுப்பதற்கும் வேடர் தம் சடங்குத் தலங்களுக்குப் போவதற்கும் உள்ள வழமையை உரிமையாக எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

1956இல் இந்த நாட்டில் 44 சதவீதமாக இருந்த காடு 2010இல் 30க்குக் கீழே வந்தது. இத்தனையும் சட்டம் இருக்கும்போதே, அனுமதிப்பத்திரம் இருக்கும்போதே, சுற்றுநிருபங்கள் இருக்கும்போதே போனது. நாட்டின் முதல் கடதாசி ஆலை 1950களில் எழுந்தது வாழைச்சேனையில்தான். அதன் வாசலிலிருந்து மேற்கே அரை நாள் நடந்தால் வரும் ஊர்களுக்கு, தாம் வாழும் காட்டைப் பற்றி ஒரு வரி எழுதிய தாள்கூட இன்னும் போய்ச் சேரவில்லை. விறகுச் சைக்கிளை மறித்துப் பெர்மிட் கேட்கும் அரசு, அந்தப் பெர்மிட்டை முதலில் அவருக்குக் கொடுக்கட்டும்.